கோழியை முழுசாகச் சுத்தம் செய்துவிடாதீர்கள்: அயோவாவில் நாய் இல்லாமல் ஃபெசன்ட் வேட்டை

சாப்பிடாத மூன்று கோழிகளுக்கு நான் கட்டிய அபராதத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத மளிகை வாங்கியிருக்கலாம். தப்பு என்னுடையதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் எல்லா வீட்டிலும் எப்படிச் செய்வோமோ அப்படித்தான் செய்தேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெமாய்ன், ஏம்ஸ் நகரங்கள் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் நம் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில், கூட வேலை பார்ப்பவர் போனில் காட்டும், ஃபெசன்ட் என்ற நீள வால் காட்டுச் சேவலின் படத்தைப் பார்த்து அதில் சிலருக்காவது கை அரிக்கும். எனக்கு அரித்தது. அவர்களுக்காக இது.

நம்மில் பெரும்பாலோருக்கு வேட்டை அனுபவம் என்றால் சின்ன வயதில் உண்டிவில்லும் கையுமாக ஓணான் பின்னால் ஓடியதோடு சரி. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. கௌதாரி பிடித்த கதையெல்லாம் தாத்தா சொல்லிக் கேட்டதுதான். வேடிக்கை என்னவென்றால் அதே 1972 இங்கேயும் வருகிறது. அந்த வருஷம் ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் அயோவாவில் லைசென்ஸ் வாங்க முடியும். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். தொடர்ந்து 90 நாள் இங்கே குடியிருந்துவிட்டால் உள்ளூர்க்காரர் கட்டணம். அதற்கு முன்னால் போனால் நூறு டாலருக்கு மேல். பொறுத்திருங்கள்.

விசாவில் இருப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. நண்பருடையதைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதும் அப்புறம்தான். அயோவா லைசென்ஸ் ஜனவரி 10-ல் முடிந்துவிடும். துப்பாக்கியோ 11-ஆம் தேதியும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். அடுத்த வருஷத்து லைசென்ஸ் டிசம்பர் 15-லிருந்தே விற்பனைக்கு வருகிறது, அப்போதே வாங்கிவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பறவையைப் பற்றி இரண்டு வார்த்தை. செம்போத்துக்கு ஆங்கிலத்தில் 'குரோ ஃபெசன்ட்' என்று ஒரு பேர் உண்டு, அதை வைத்துக் குழம்ப வேண்டாம். செம்போத்து குயில் சாதி. ஃபெசன்ட் நம் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் பங்காளி, பூர்வீகம் ஆசியா. 1900-ஐ ஒட்டி, சீடர் ஃபால்ஸில் வில்லியம் பென்டன் என்பவர் வைத்திருந்த பண்ணையின் அடைப்பைப் புயற்காற்று சாய்த்துவிட, ஏறக்குறைய 2,000 பறவைகள் காட்டுக்குள் போய்விட்டன. அயோவாவில் இவற்றின் வம்சம் அப்படித்தான் தொடங்கியது. 1925-ல் முதன்முதலாக 13 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 3 நாள் மட்டும் வேட்டைக்கு விட்டார்கள். இன்று அக்டோபர் கடைசிச் சனிக்கிழமையிலிருந்து ஜனவரி 10 வரை, காலை 8 மணிக்கு மேல் மாலை 4.30-க்குள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 சேவல். பெட்டையைச் சுடவே கூடாது. சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம், சிவந்த முகம், முழ நீள வால். கிளம்பும்போது கக்கக்கென்று கத்தும். பெட்டை காய்ந்த புல் நிறம். வெயில் கண்ணில் அடித்து எது என்று தெரியவில்லையா, விட்டுவிடுங்கள். சேவல் மட்டும்தான் என்ற இந்த விதியை ஞாபகம் வைத்திருங்கள். ஒரு பெட்டையையும் சுடாமலே என் காசு இந்த விதியில்தான் போனது.

பார்க்குமிடமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவுமாகத் திறந்து கிடப்பதைப் பார்த்துப் பொது நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். அத்தனைக்கும் ஆள் இருக்கிறது. வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் கேட்காமல் நுழைந்தால் அத்துமீறல்தான். நமக்கானவை மாநில வனவிலங்குப் பகுதிகள், மத்திய அரசின் நீர்ப்பறவை நிலங்கள், அப்புறம் விவசாயிகளே வேட்டைக்கு நடந்து வரலாம் என்று திறந்துவிட்டிருக்கும் ஐஹாப் நிலங்கள். மாநில இயற்கை வளத் துறையின் இணைய வரைபடத்தில் எல்லாம் நிறம் நிறமாக இருக்கும். ஏம்ஸ் பக்கம் ஹென்ட்ரிக்சன் மார்ஷ், கிரீன் கவுண்டியில் டன்பார் ஸ்லூ என்று தொடங்கலாம். வடக்கே போகப் போகப் பறவை கூடும். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் முதல் பதினைந்து நாள், துறையினர் 30 மைல் நீள மண் ரோடுகளில் விடியற்காலையில் வண்டி ஓட்டிப் பறவைகளை எண்ணுகிறார்கள். பனியில் நனைந்த குஞ்சுகளை உலர்த்தப் பெட்டைகள் ரோட்டோரம் கூட்டிவருமாம். அந்தக் கணக்கு செப்டம்பர் வாக்கில் வெளிவரும், பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள்.

தோட்டா வாங்கும்போது ஸ்டீல் குண்டு மட்டும் வாங்குங்கள். நீர்ப்பறவை நிலங்களிலும் மாநிலப் பகுதிகள் பலவற்றிலும் ஈயக் குண்டு கூடாது, எந்த நிலத்தில் எது என்று நினைவு வைத்துக்கொள்வது வீண் வேலை. மேலே போடும் சட்டையோ தொப்பியோ ஏதாவது ஒன்றாவது பாதிக்கு மேல் பளீர் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். வண்டியில் ஏறுமுன் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போடுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் 200 கஜத்துக்குள் சுடக் கூடாது.

சரி, நாய். இங்கே வேட்டைக்காரர்கள் நாய்க்குச் செய்கிற செலவைக் கேட்டால் மயக்கம் வரும். நான் இருப்பது ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். பூனைக்கே தனி டெபாசிட் கேட்கிறார்கள். நாய் இல்லாதவனை மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடுவதைத்தான் விரும்பும். நீங்கள் ஒரே சீராக நேர்கோட்டில் நடந்தால், நடைச் சத்தத்தை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கணித்து முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் உங்கள் காலுக்கு நாலடி தள்ளிப் புல்லுக்குள் பம்மிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகவிடும். அதனால் கோணல் மாணலாக நடங்கள். இருபது அடி போய் நில்லுங்கள். மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். சத்தம் நின்றதும் அதற்குப் பதற்றம் வந்துவிடும். நான் எழுப்பிய பறவைகளில் பாதிக்கு மேல் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் எழுந்தன. முதல் தடவை நெஞ்சே நின்றுவிட்டது. காலடியில் குக்கர் வெடித்த மாதிரி இருந்தது, சுடவே தோன்றவில்லை.

பெரிய புல்வெளியை நாய்க்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். வாய்க்கால் ஓரத்து ஒற்றைப் பட்டை, உழுத வயலில் போய் முடியும் புல் மூலை, குளத்தைத் தொடும் சம்பங்கோரை, இவைதான் நமக்கு. ஓடிப்போன பறவை அந்த முனையில் மறைவு தீர்ந்து நிற்கும். முனைக்கு வந்ததும் அவசரப்படாமல் அதிக நேரம் நில்லுங்கள். கார்க் கதவைப் படாரென்று சாத்தாதீர்கள், அரை மைல் தூரத்துக்கு அது தகவல் சொல்லிவிடும். வாரநாள் நல்லது. அறுவடை முடிந்த பிறகு நல்லது. முதல் பனி கொட்டிய மறுநாள் மிக நல்லது, கோரைக்குள் ஒண்டிக்கொள்ளும், தடமும் தெரியும். சாயங்காலம் 3.30-க்கு மேல் வயலில் மேய்ந்துவிட்டுப் படுக்கத் திரும்பும்போதும் கிடைக்கும், ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள்.

நாய் இல்லாததன் உண்மையான கஷ்டம் சுட்ட பிறகுதான். விழுந்த பறவை அந்தப் புல் நிறத்தில் மாயமாகிவிடும். அடிபட்டது என்றால் எழுந்து ஓடும். எனவே கிட்டத்தில் எழுந்ததை மட்டும் சுடுங்கள், முப்பது கஜத்துக்கு மேல் வேண்டாம். ஒன்று விழுந்ததும் பக்கத்தில் இன்னொன்று எழுந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கே தனியாகத் தெரியும் ஒரு செடியைக் குறி வைத்து நேராக நடந்து போங்கள். ஆரஞ்சுத் தொப்பியை அங்கே மாட்டிவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கித் தேடுங்கள். வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் போய் விழுந்தால், துப்பாக்கியை இந்தப் பக்கமே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் எடுத்துவர அயோவா சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கியோடு போனால் அத்துமீறல்.

இப்போது என் கதை. முதல் இரண்டு வருஷமும் எப்போதாவது ஒரு சேவல் கிடைக்கும், அதை மளிகைப் பையில் போட்டு முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். தொட்டியில் வெந்நீர் ஊற்றி இறகு பிடுங்கி, அடுப்பில் வாட்டி, மஞ்சள் பூசி, ஊர் முறைப்படி எல்லாம் நடக்கும். இறகு பறந்து பருப்பு டப்பா வரைக்கும் போனது. "இனிமேல் இறகோடு எதுவும் இந்த வாசலைத் தாண்டி வரக் கூடாது" என்று மனைவி சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

மூன்றாவது வருஷம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். காலை 11 மணிக்குள் மூன்று சேவல். நாய் இல்லாமல், தனி ஆளாக! படம் எடுத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே இரவு பத்தரை மணி. அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லத் தோன்றவில்லை. "சூடு ஆறுறதுக்குள்ள குடலை எடுத்துடுடா, இல்லன்னா கவிச்சி அடிக்கும்" என்றாள். அது சரியான யோசனை, இன்றும் அதைத்தான் செய்கிறேன். நான் அதோடு நின்றேனா? கேனில் கொண்டுபோன தண்ணீரை வைத்துக்கொண்டு, தோலை உரித்து, தலை, இறக்கை, கால் எல்லாம் வெட்டி, கழுவி, துண்டு போட்டு, மூன்று ஜிப்லாக் பைகளில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். நம் ஊர்க் கறிக்கடையில்கூட அவ்வளவு சுத்தமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். கழிவை எல்லாம் பையில் கட்டி, வழியில் பெட்ரோல் போட்ட இடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பொறுப்பான குடிமகன்.

அங்கிருந்து இன்னொரு பொது நிலத்தை அடுத்த வாரத்துக்காகச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போய் வண்டியை நிறுத்தினேன். ஓர் அதிகாரி வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். லைசென்ஸ் பார்த்தார், தோட்டா பார்த்தார், எல்லாம் சரி. எத்தனை என்றார். பெருமையாக ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவை சேவல் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். படத்தில் இருப்பதும் பையில் இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். தலையெல்லாம் இருபது மைல் தள்ளி ஒரு குப்பைத் தொட்டியில் இருக்கிறது என்று சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு அபராத டிக்கெட் எழுதினார்.

விதி ஒரு வரிதான். பறவையை வண்டியில் கொண்டுபோகும்போது ஒரு கால், அல்லது இறகோடு ஒரு முழு இறக்கை, அல்லது தலை, இந்த மூன்றில் ஒன்றாவது ஒவ்வொரு உடம்போடும் ஒட்டியபடி இருக்க வேண்டும். பெட்டையைச் சுட்டுவிட்டுத் தோலுரித்து மறைப்பவர்களைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். வெட்டிய காலைத் தனியாகப் பையில் போட்டு வைத்தால் செல்லாது. நான் காலைத்தான் விடுகிறேன்: குடலை எடுத்து, தோலை உரித்து, ஒரு பக்கத்துப் பாதத்தை மட்டும் வெட்டாமல் விட்டால் போதும். சேவல் காலில் முள் இருக்கும், அதுவே சாட்சி. துண்டு போடும் வேலையெல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகு. இரண்டு பேர் போனால் அவரவர் பறவை அவரவர் பையில். தெற்கு டகோட்டா, மினசோட்டா பக்கம் போகிறவர்கள் அந்த மாநிலத்து விதியைத் தனியாகப் படியுங்கள், தொடங்கும் நேரம்கூட அங்கே வேறு. ஆனால் அடையாளத்தை விட்டுவைக்கச் சொல்லும் விதி அங்கேயும் உண்டு.

இருபது வருஷமாக இங்கே இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏலே, ஒத்தக் கால விட்டு வச்சிருக்கக் கூடாதாலே?" என்று சிரித்தார். இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ கேக்கலியே." இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சமைப்பது சுலபம். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும், நல்லெண்ணெயில் மிளகு போட்டுச் சட்டென்று வறுத்து இறக்குங்கள். தொடையில் ஈர்க்கு மாதிரி நரம்பு ஓடும். அதைச் சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்து நாட்டுக்கோழிக் குழம்பாக்கி, குக்கரில் ஆறு ஏழு விசில் விடுங்கள். ஸ்டீல் குண்டு கறிக்குள் இருக்கும், விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு விருந்தாளி ஒருவர் கடித்துவிட்டார்.

மனைவியோடு இப்போது ஓர் ஒப்பந்தம்: இறகு இல்லாமல் முள்ளுக் கால் மட்டும் உள்ளே வரலாம். போன டிசம்பரில் ஒரு தடவை மட்டும் ஆசைக்கு இறக்கையோடு கொண்டுவந்தேன். தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. சரி செய்ய வந்த அபார்ட்மென்ட் ஆள் அந்த இறகை இழுத்து எடுத்துவிட்டு, "எங்கே அடித்தாய்?" என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். டன்பார் ஸ்லூ என்றேன். உண்மையான இடத்தைச் சொல்வேனா?