போர் தண்ணீரில் நீச்சல் குளம் நிரப்பப் போகிறீர்களா? குளோரின் டப்பாவைத் திறக்கும் முன்

போரிலிருந்து, அதாவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, வரும்போது தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருக்கும். குளத்தை நிரப்பிக் குளோரின் போட்ட அரை மணி நேரத்தில் கட்டன் டீ நிறத்துக்கு மாறிவிடும். குளோரின் சரக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. பூமிக்கடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகத் திரிந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். குளத்துக்குள் திரிந்தால் டைல்ஸ் இடுக்கிலும் படிக்கட்டிலும் காவிக்கறையாக ஏறிக்கொள்ளும். அதைத் தேய்த்து எடுப்பது, வரவிடாமல் தடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

நிரப்புவதற்கு முன் ஒரு வெள்ளை பக்கெட்டில் 10 லிட்டர் போர் தண்ணீர் பிடித்து, ஒரு டீஸ்பூன் திரவக் குளோரின் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ வந்தால் இரும்பு. கருப்புத் தூள் மாதிரி மிதந்தால் மாங்கனீசு. அரிசி கழுவிய தண்ணீர்போல் வெளுத்தால் கடினத்தன்மை (கரைந்த சுண்ணாம்புச் சத்து) அதிகம். மூன்றும் கலந்தும் வரலாம். டேங்கர் தண்ணீருக்கும் இதே சோதனைதான். அதுவும் பெரும்பாலும் வேறொருவரின் போர் தண்ணீர்தானே! லாரி ஹோஸை இறக்கும் முன்பே ஒரு பக்கெட் பிடித்துவிடுங்கள்.

இது அறிகுறி மட்டும்தான், அளவு தெரிய ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். காற்று இருந்தால் வழியிலேயே இரும்பு அடியில் படிந்து, எண் குறைவாக வரும். கால்சியம் கடினத்தன்மை, காரத்தன்மை (கரைந்த பைகார்பனேட்), இரும்பு, மாங்கனீசு, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்தம்), அம்மோனியா ஆகிய ஆறையும் கேளுங்கள். செப்டிக் டேங்குக்குப் பக்கத்துப் போரில் அம்மோனியா இருந்தால், போட்ட குளோரினையெல்லாம் அதுவே தின்றுவிடும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 10 மில்லிகிராம் குளோரின் போகும். அப்படிப்பட்ட போரை விட்டுவிடுவதே நல்லது.

ஏற்கெனவே நிரம்பிய குளம் என்றால், பழைய தண்ணீரை முழுவதும் இறைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறி இருக்கும்போது காலிக் குளத்தை அது கீழிருந்து தூக்கும். ஃபைபர் குளம் என்றால் அப்படியே கிளம்பி வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் பெரும்பாலும் போதும். டைல்ஸ் வேலைக்காகக் காலி செய்தே ஆக வேண்டுமென்றால் கோடையில் செய்யுங்கள்.

இனி 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர் உள்ள குளத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 41.6 கனமீட்டர், அதாவது 41,600 லிட்டர்.

இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே கறை எதிர்பார்க்கலாம். 0.5 வரை என்றால், இரும்பைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும் எச்.இ.டி.பி. வகை மருந்தை டப்பாவில் சொன்ன அளவில் ஊற்றிச் சமாளிக்கலாம். குளோரினால் அது மெல்ல மெல்லச் சிதையும் என்பதால் தவறாமல் திரும்ப ஊற்ற வேண்டும். 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த வழி காசுக்குக் கேடு, இரும்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

அதற்குச் சிறந்த இடம் குளம் அல்ல, சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி. 12,000 லிட்டர் சம்ப் என்று வைத்துக்கொள்வோம். போர் குழாயின் முனையில் ஓட்டை போட்ட பைப்பை மாட்டி, தண்ணீர் உயரத்திலிருந்து ஷவர்போல விழச் செய்யுங்கள். காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். நிரம்பியதும் 10 சதவீதத் திரவக் குளோரின் 360 மில்லி ஊற்றுங்கள் (லிட்டருக்கு 3 மில்லிகிராம், இரும்பு 2 மில்லிகிராம் இருந்தாலும் தாங்கும்). பிறகு 500 கிராம் படிகாரத்தை ஒரு பக்கெட்டில் கரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் டார்ச் அடித்தால் அடியில் செம்மண் குழம்பு தெரியும். மோட்டாரின் உறிஞ்சு முனை தரையிலிருந்து ஒரு அடி மேலே இருக்கட்டும். மேல் தண்ணீரை மட்டும் குளத்துக்கு ஏற்றி, அடிக்குழம்பைக் களைந்துவிட்டு, மறு நடை. நான்கைந்து நாள் ஆகும். அவசரப்பட்டு அடிவரை உறிஞ்சினால் செய்ததெல்லாம் வீண்.

சம்ப் இல்லாதவர்கள் இதைக் குளத்திலேயே செய்யலாம், கறை அபாயத்தோடு. படியச் செய்தபின் மணல் ஃபில்டரின் மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’டில் வைத்து அடியை உறிஞ்சி வெளியே விடுங்கள். ‘ஃபில்டர்’ நிலையில் உறிஞ்சினால் மணல் அடைத்துப்போகும்.

கடினத்தன்மையும் காரத்தன்மையும். கடினத்தன்மையை நீக்கும் வீட்டு சாஃப்ட்னரை மாட்டலாமே என்று தோன்றும். அதில் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் 25 லிட்டர், தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், ஏறத்தாழ 2,000 லிட்டருக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட வேண்டும். குளம் நிரம்ப 20 தடவை! இரும்பும் இருந்தால் ரெசினே பாழ்.

மாறாக, கால்சியத்தை விட்டுவிட்டுக் காரத்தன்மையைக் குறையுங்கள். வெள்ளைப் படிவு உண்டாக இரண்டும் வேண்டும். 10,000 லிட்டரில் காரத்தன்மையை லிட்டருக்கு 10 மில்லிகிராம் இறக்க, 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 200 மில்லி. நம் குளத்தில் 300லிருந்து 100க்கு வர சுமார் 17 லிட்டர். பம்பை ஓடவிட்டு ஒரு தடவைக்கு 2 லிட்டர், ஆழமான பக்கத்தில் மெல்ல ஊற்றுங்கள். பி.எச். 7.2க்குக் கீழே போயிருந்தால் அடுத்ததை ஊற்றாமல், தண்ணீர் வரும் ஜெட்டை மேல்நோக்கித் திருப்பிச் சலசலக்க விடுங்கள்; கரியமில வாயு வெளியேறி பி.எச். தானாக ஏறும். ஆசிட்டும் குளோரினும் ஒரே பக்கெட்டில் சேரவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரையும் தவிர்த்துவிடுங்கள். அதன் சுண்ணாம்பு, இருக்கிற கால்சியத்தோடு சேரும். திரவக் குளோரினே மேல்.

உப்பு. கோவளம், முட்டுக்காடு பக்கம் கடலோரப் போர்களில் டி.டி.எஸ். ஏறிக் கிடந்தால் அதைக் குறைக்க எந்த மருந்தும் இல்லை. ஆர்.ஓ. அல்லது நல்ல தண்ணீர் கலப்பு, இரண்டே வழி. பாதிக்குப் பாதி கலந்தால் எண்ணும் பாதிவழியில் நிற்கும்: 600ம் 100ம் சேர்ந்தால் 350.

பலரும் கோட்டைவிடுவது தினசரி டாப்-அப்பில்தான். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். 600 கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரை மாதம் முழுக்க ஊற்றினால் குளத்தின் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம் கூடும். இதற்கு மொட்டைமாடி மழைநீர்தான் மருந்து. 100 சதுரமீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர்வரை கிடைக்கும். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, ஒரு வலை வடிகட்டி வைத்துக் குளத்துக்குத் திருப்புங்கள். மழைநீரில் காரத்தன்மை இல்லாததால் 80க்குக் கீழே இறங்கினால் ஆப்பசோடா போடுங்கள். 10,000 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்ற 170 கிராம்.