'எதிர்காலத்துக்காக' என்று போர்டில் எழுதாதீர்கள்

பி.எட். பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருபவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. பாலினப்பெருக்கம், அதாவது ஆணும் பெண்ணும் கலந்து பெருகுவது, ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு, ஒரு காலத்தில் நான் சொன்ன அதே தப்பான பதில் இந்த வருஷமும் வந்தது. எழுத்துப்பிழை, படத்தில் அம்புக்குறி மாறுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள். கீழே தலைப்புகளாக இருப்பவை அந்தத் தப்பான பதிலும் அதோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டும்.

எதிர்காலத்துக்காக இனம் செய்துகொண்ட ஏற்பாடு

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். "சூழல் மாறினால் தாக்குப்பிடிக்க வேறுபாடு வேண்டுமே, அதற்காக" என்று நானும் முழங்கியிருக்கிறேன். சோழவந்தான் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், நூறு வருஷம் கழிச்சு என்ன வரும்னு எங்க வீட்டுக் கோழிக்கு எப்படி சார் தெரியும்?" வகுப்பே சிரித்தது. அந்தப் பாடம் முடியும்வரை நான் சொன்ன எதையும் பிள்ளைகள் முழுசாக நம்பவில்லை.

சரி, கணக்காகவே போடுங்கள். எந்தத் தாய்க்கும் 2 குட்டிகள். ஆணோடு சேர்ந்து பெறுபவளுக்கு ஒரு மகள், ஒரு மகன். தனியாகப் பெறுபவளுக்கு இரண்டுமே மகள்கள். 10 தலைமுறை கழித்து முதலாமவள் வழியில் 1 பெண், இரண்டாமவள் வழியில் 1,024. பரிணாமவியலாளர் ஜான் மேனார்டு ஸ்மித் 1970களில் முன்வைத்த, பாலினப்பெருக்கத்தின் இரட்டைச் செலவு இது. நூறு வருஷம் கழித்து வரும் லாபத்தை நம்பினால் அதற்குள் கடையை மூட வேண்டியதுதான். லாபம் உடனுக்குடன் வந்தாக வேண்டும்.

எங்கிருந்து? நோயிடமிருந்து தப்புவதில் என்பது வலுவான ஒரு பதில். கலந்து பிறக்கும் குட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, நோய்க்கு எல்லாம் ஒரே பூட்டாக அமையாது. சிறுமலை வாழையைக் காட்டுங்கள். விதை கிடையாது, கன்றிலிருந்து கன்று, எல்லாம் ஒரே அச்சு. வாழை இலைகளைக் குட்டையாக்கிக் கொத்தாக்கிவிடும் முடிக்கொத்து வைரஸுக்கு ஒரு மரத்தின் பூட்டு திறந்தால் தோப்பு முழுக்கத் திறந்த மாதிரி. நியூசிலாந்தில் ஒரு சிறு நன்னீர் நத்தை ஆணோடு சேர்ந்தும் பெருகும், தனியாகவும் பெருகும். ஒட்டுண்ணிப் புழு அதிகமுள்ள நீர்நிலைகளில்தான் அதில் ஆண்கள் அதிகம், அதாவது கலந்து பெருகுவதும் அதிகம் என்று 1987-இல் உயிரியலாளர் கர்டிஸ் லைவ்லி காட்டினார்.

ஆண் இல்லாவிட்டால் அழிவு நிச்சயம்

டெலாய்டு ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்கில் ஆணே கிடையாது. கோடிக்கணக்கான வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம் ஒன்றே ஒன்று

இல்லை. கலப்பில்லாத வம்சத்தில் கேடான திடீர்மாற்றங்கள் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும் என்று மரபியலாளர் முல்லர் 1964-இல் சொன்னதையும் சேர்த்து நடத்துங்கள்.

அப்புறம், வாழை உதாரணத்தோடு போகிறவர்கள் ஒரு கேள்விக்குத் தயாராகப் போங்கள். அந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சியே பெரும்பாலும் ஆண் துணையில்லாமல்தான் குட்டி போடுகிறது. போன வாரம் ஒரு மாணவி இதைக் கேட்க, பயிற்சிக்கு வந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.