மூடிப்போன கடையின் வரலாற்றை எழுதுவது எப்படி? சுபிக்‌ஷாவை வைத்தே பார்ப்போம்

சுபிக்‌ஷா என்ற மளிகை, மருந்துக் கடைச் சங்கிலியின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் 2009-ல் ஷட்டர் இறங்கிய கதையைத்தான் சொல்வார்கள். நீங்கள் அங்கே தொடங்காதீர்கள். 1997-ல் திருவான்மியூரில் முதல் கடை திறந்ததிலிருந்து வாருங்கள். ஏசி கிடையாது, சின்ன இடம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும், மளிகை எம்ஆர்பியை விடக் குறைவு, மருந்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. வாடகையிலும் கரண்ட் பில்லிலும் மிச்சம் பிடித்து விலையைக் குறைப்பது என்று அதைத் தொடங்கிய ஆர். சுப்பிரமணியன் போட்ட அந்தக் கணக்கு புரியாமல், அது ஏன் விழுந்தது என்று எழுதவே முடியாது.

சரி, ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: வருடம், எத்தனை கடை, பணம் எங்கிருந்து வந்தது. முதல் சில வருடங்கள் தமிழ்நாட்டோடு நின்ற கடை அப்புறம் டெல்லி, மும்பை என்று பாய்ந்து 2008-ல் சுமார் 1,600-ஐத் தொட்டது. வேகம் அப்படி என்பதால் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மாதத்தையும் கட்டாயம் குறியுங்கள், இல்லையென்றால் இரண்டு பழைய செய்திகள் ஒன்றையொன்று பொய்யாக்குவது போலத் தெரியும். மூன்றாவது கட்டத்தில் முதலீட்டு நிறுவனமான ஐசிஐசிஐ வெஞ்சரின் பங்கு, அதற்குக் கீழே வங்கிக் கடன். கடையும் கடனும் சேர்ந்தே ஏறுவது அங்கே பளிச்சென்று தெரியும். 2008 கடைசியில் உலகம் முழுக்கப் பணம் இறுகியபோது சரக்குக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் காசு புரளவில்லை.

கடை மூடியதையொட்டி வந்த வழக்குகளின் விவரத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைப் படியுங்கள். பழைய நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்கள்தான். பில் போட்டவர், மருந்து எடுத்துக் கொடுத்தவர், கடைக்கு இடம் விட்ட வீட்டுக்காரர், இவர்களை இப்போதே தேடிப் பிடியுங்கள். "ஏன் மூடினார்கள்?" என்று கேட்டால் பேப்பரில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள். "கடைசி மாதம் ரேக்கில் என்னென்ன இருந்தது?" என்று கேளுங்கள். பருப்பு வரிசை காலியானது எப்போது, எந்தச் சரக்கு வண்டி முதலில் வராமல் நின்றது என்று தானாகவே நினைவு வரும்.

யாராவது பழைய பில் கொடுத்தால் அன்றே போட்டோ எடுங்கள். வழுவழுப்பான தெர்மல் தாளாக இருந்தால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சூட்டில் முழுத் தாளும் கறுத்து, துவரம் பருப்பு விலையும் தேதியும் ஒன்றாகப் போய்விடும்.