பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டதா? அலுவலகத்துக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்

பிஎம் கிசான் திட்டத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தருவது ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. புதிதாகப் பதிவு செய்வது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுபோனவர்களுக்கான பதிவு இது. எங்கள் அப்பாவுக்கு நின்றபோது சரிசெய்த வழி.

படி 1: நிலையைப் பாருங்கள்

பிஎம் கிசான் அரசுத் தளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் போய்ப் பதிவு எண்ணைக் கொடுங்கள். எண் மறந்திருந்தால் செல்போன் எண்ணையோ ஆதாரையோ கொடுத்து அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை, போன் பிரவுசரே போதும். வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்று ஏபிகே ஃபைல் (செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள், அது கணக்கைத் துடைக்கிற கூட்டத்தின் வேலை.

படி 2: மூன்று வரிகள்

நிலைப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கும்: நில விவரம், இ-கேஒய்சி (ஆதார் மூலம் நீங்கள்தான் என்று உறுதிசெய்வது), ஆதார்-வங்கி இணைப்பு. எதில் 'நோ' என்று இருக்கிறதோ அதை மட்டும் கவனியுங்கள். நிலம் என்றால் பட்டா, ஆதாருடன் வட்டார வேளாண்மை அலுவலகம். இ-கேஒய்சி என்றால் ஓடிபி போட்டு நீங்களே முடிக்கலாம். ஆதாரில் செல் எண் இல்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். காட்டு வேலையில் தேய்ந்த விரல்களை அந்த மெஷின் லேசில் ஏற்காது. அப்போது பிளே ஸ்டோரில் இருக்கும் அரசுச் செயலியில் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். அந்தச் செயலியால் எனக்குத் தெரிந்த ஒரே நன்மை இதுதான்.

படி 3: வங்கி

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். பாஸ்புக்கைக் காட்டினால் கவுண்டரில் "ஆதார் லிங்க் ஆயிருக்கே" என்பார்கள். அவர்கள் சொல்வது கேஒய்சிக்காகக் கொடுத்த ஆதாரை. அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு என்பிசிஐ (வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் இணைந்திருக்கிறதோ, அங்கே போய் விழும். எப்போதோ எரிவாயு மானியத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ ஒரு கணக்கு தொடங்கி மறந்திருப்பீர்கள். மூன்று வரியிலும் 'எஸ்' இருந்தும் பணம் காணோம் என்றால் முதலில் அங்கே தேடுங்கள். அப்பாவின் தவணைகள் அப்படி ஒரு பழைய கணக்கில்தான் கிடந்தன.

மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயர் தெரியும், கணக்கு எண் தெரியாது. மாற்ற வேண்டுமானால், வேண்டிய வங்கியில் "டிபிடிக்கு என்பிசிஐ மேப்பிங் செய்யணும்" என்று இதே வார்த்தைகளில் கேட்டு ஒப்புதல் படிவம் கொடுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழுவது). வெறுமனே "ஆதார் இணைக்கணும்" என்றால் மறுபடியும் ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

வங்கி இழுத்தடித்தால் தபால்காரரிடம் சொல்லி அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்குவதுதான் என் கட்சி. வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுப்பார். ஆனால் எரிவாயு மானியமும் சேர்ந்தே அங்கு மாறிவிடும், வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் பலர் கேட்டது. அப்பா இறந்துவிட்டால் அவர் பெயரிலேயே பணம் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது, திரும்பக் கேட்பார்கள். பட்டாவை வாரிசு பெயருக்கு மாற்றிப் புதிதாக விண்ணப்பியுங்கள். 1.2.2019க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இருவரும் வாங்கிக்கொண்டிருந்து நின்றிருந்தால், மேலே சொன்ன எந்தப் படியும் உதவாது.