சவ்வு அடைப்பு மாதிரியைச் சோதிப்பது எப்படி?

இரணைமடுக் குளத்தின் மாரிகாலக் கலங்கல் நீரும் வன்னிக் கிணறுகளின் சுண்ணாம்பு நீரும் நீர் வடிக்கும் சவ்வை அடைப்பது வெவ்வேறு விதத்தில். அடைப்பைக் கணிக்கும் எந்தக் கணித மாதிரியையும் நம்பமுன் அது எந்த நிலைமைக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். ஆய்வாளர் ஹெர்மியா 1982இல் தொகுத்த நான்கு விதிகளும் (துளை முழுதாக மூடல், துளைச்சுவர் ஒடுங்கல், இடைநிலை அடைப்பு, மேற்படிவு) மாறா அமுக்கத்தில், குறுக்கோட்டமின்றி (சவ்வின் மேற்பரப்பை ஒட்டி நீர் ஓடாமல்) வடிப்பதற்கு உரியவை.

0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள சவ்வை எடுத்து, முதலில் வடித்த சுத்த நீரை 2 பாரில் விடுங்கள். பாயம் (சவ்வின் ஓரலகுப் பரப்பினூடாக ஓரலகு நேரத்தில் வடியும் கனவளவு) நிலைத்ததும், அமுக்கத்தைப் பாகுநிலையாலும் பாயத்தாலும் வகுத்தால் சவ்வின் சொந்தத் தடை வரும். இந்தப் பெறுமானத்தைப் பிறகு மாற்றக்கூடாது. அடுத்து குளத்து நீர். வடிநீர் விழும் முகவையைத் தராசில் வைத்து 10 செக்கனுக்கு ஒருமுறை நிறையைக் குறியுங்கள், வெப்பநிலையையும் சேர்த்து. 25 பாகையில் 0.89 மில்லிபாஸ்கல் செக்கனாக உள்ள நீரின் பாகுநிலை 35 பாகையில் 0.72 ஆகிவிடும். திருத்தாவிட்டால் மத்தியான வெக்கையில் பாயம் கால்வாசி வரை கூடித் தெரியும். அடைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பலர் பிழைவிடுவது இனித்தான். நேரத்தைக் கனவளவால் வகுத்து, அதே கனவளவுக்கு எதிரே வரைந்தால் படிவு மாதிரி பெரும்பாலும் நேர்கோடாகவே தோன்றும். கனவளவு இரு அச்சிலும் இருப்பதால், பொருத்த எண் (R²) 0.99 என்று வந்தாலும் அதற்குப் பெரிய பொருளில்லை. அச்சுகள் வேறுபடும் வரைபுகளின் பொருத்த எண்களை ஒப்பிடுவதும் வீண். தரவின் முதற்பாதியில் மட்டும் ஒவ்வொரு விதியின் மாறிலியையும் கண்டு, பிற்பாதியில் வடியப்போகும் கனவளவை நான்கு விதிகளாலும் கணியுங்கள். வழுக்கள் பூச்சியத்தின் இருபுறமும் சிதறினால் நல்லது. ஒருபக்கமாக வளைந்தால் பொறிமுறையே வேறு.

படிவு விதி வென்றால் அமுக்கத்தை 1 பாராக்கிப் புதுச் சவ்வில் திரும்பச் செய்யுங்கள். படிவு இறுகாததாயின், மேற்சொன்ன நேரம்/கனவளவு–கனவளவு கோட்டின் படித்திறன் சரியாக இருமடங்காகும். அதற்குக் குறைந்தால் களியும் பாசியும் அமுக்கத்தில் இறுகுகின்றன. படிவின் தடையை மாறிலியாக எடுக்க முடியாது. பின் சவ்வை மெல்லக் கழுவி மீண்டும் சுத்த நீர் விடுங்கள். பாயம் திரும்பாவிட்டால் துளைக்குள்ளும் அடைப்புண்டு.

கிணற்று நீர் ஓடும் ஆர்ஓ (உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடுபரவல்) சவ்வுக்கு இந்த விதிகளைக் கொண்டுபோகாதீர்கள். 75 வீதம் மீட்கும்போது கழிவுப்பக்கத்தில் கல்சியம் ஏறத்தாழ நான்கு மடங்காகச் செறிந்து பளிங்காகிறது. கழற்றிய சவ்வுத் துண்டில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் காபனேற்று, பளிங்கு வளர்ச்சியைக் கணிக்கும் மாதிரிதான் அங்கு வேண்டும்.