ஐபிவி6ல ஓஎஸ்பிஎஃப்வி3: ரெண்டே ரவுட்டர் வச்சு முதல் லேப்

ஐபிவி6 டைனமிக் ரவுட்டிங்னு (ரவுட்டருங்க தங்களுக்குள்ள பேசி வழியைத் தானா கத்துக்கற முறை) தேடினா ரிப்என்ஜி, ஓஎஸ்பிஎஃப்வி3, ஈஐஜிஆர்பி, பிஜிபின்னு வரிசையா வந்து விழும், புதுசா வர்றவங்க எதுல கை வைக்கிறதுன்னு தெரியாம முழிப்பாங்க. பிஜிபி ஐஎஸ்பி லெவல் சமாச்சாரம், இப்ப வேணாம். ரிப்என்ஜி 1997ல வந்தது, 15 ஹாப்புக்கு (வழியில தாண்டற ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு ஹாப்) மேல போகாது, பரிட்சைக்குப் படிச்சா போதும். ஆஃபீஸோ காலேஜோ, ஒரே நிர்வாகத்துக்குள்ள ஓடுற நெட்வொர்க்னா ஓஎஸ்பிஎஃப்வி3 கத்துக்கறதுதான் என்னைக் கேட்டா லாபம்.

பாக்கெட் ட்ரேசர்ல (சிஸ்கோவோட நெட்வொர்க் சிமுலேட்டர்) ரெண்டு ரவுட்டர் போட்டு ஜி0/0ல (கிகாபிட் ஈத்தர்நெட் போர்ட்) ஒண்ணோட ஒண்ணு கனெக்ட் பண்ணிக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் ஜி0/1ல ஒரு பிசி. கமாண்டை எல்லாம் நான் சொல்ற மாதிரியே எழுதறேன், அடிக்கும்போது நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: ரெண்டு ரவுட்டர்லயும் கான்ஃபிக் மோட்ல "ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரவுட்டிங்". சிஸ்கோ ரவுட்டர்ல ஐபிவி4 ரவுட்டிங் தானா ஆன்ல இருக்கும், ஐபிவி6 அப்படி இல்ல, நாமதான் ஆன் பண்ணணும். இதை விட்டுட்டு மீதி எல்லாம் சரியா போட்டாலும் ஒண்ணும் நடக்காது.

ஸ்டெப் 2: அட்ரஸ். ஜி0/1ல முதல் ரவுட்டருக்கு 2001:டிபி8:1::1/64, ரெண்டாவதுக்கு 2001:டிபி8:2::1/64. நடுவுல இருக்கற ஜி0/0க்கு குளோபல் அட்ரஸே குடுக்காதீங்க, லிங்க்-லோக்கல் (அந்த ஒரு லிங்குக்குள்ள மட்டும் செல்லுபடியாகற அட்ரஸ்) மட்டும் போதும்: "ஐபிவி6 அட்ரஸ் எஃப்இ80::1 லிங்க்-லோக்கல்", அந்தப் பக்கம் எஃப்இ80::2. ஐபிவி4ல நடு லிங்குக்கு ஒரு சின்ன சப்நெட் ஒதுக்கியே பழகினவங்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும், ஆனா ஓஎஸ்பிஎஃப்வி3 ஹலோ (பக்கத்து ரவுட்டரைக் கண்டுபிடிக்கற மெசேஜ்) அனுப்புறதும் நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட்டை அடுத்து அனுப்ப வேண்டிய ரவுட்டர்) எடுக்கறதும் லிங்க்-லோக்கல வச்சுதான், அதனால தாராளமா வேலை செய்யும். போர்ட்ல "ஐபிவி6 எனேபிள்" குடுத்தா லிங்க்-லோக்கலை ரவுட்டரே போட்டுக்கும்தான், ஆனா அது மேக் அட்ரஸ்ல இருந்து நீளமா ஒண்ணை உருவாக்கி வைக்கும், அப்புறம் ரவுட்டிங் டேபிளைப் பார்த்தா எது யாருன்னே புரியாது, அதான் கையால குடுக்கச் சொல்றேன். எல்லா போர்ட்லயும் "நோ ஷட்டவுன்" மறக்காதீங்க.

ஸ்டெப் 3: "ஐபிவி6 ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1". அடிச்ச உடனே, ரவுட்டர் ஐடி (ஓஎஸ்பிஎஃப்ல ஒவ்வொரு ரவுட்டருக்கும் இருக்கற அடையாள நம்பர்) எடுக்க முடியல, நீங்களே குடுங்கன்னு ஒரு மெசேஜ் வரும். அட்ரஸ் 128 பிட்டா மாறினாலும் ரவுட்டர் ஐடி மட்டும் இன்னும் அதே பழைய 32 பிட்தான், ஐபிவி4 அட்ரஸ் ஏதாவது இருந்தா அதுல இருந்து எடுத்துக்கும், நம்ம லேப்ல ஐபிவி4ஏ கிடையாதே. "ரவுட்டர்-ஐடி 1.1.1.1"னு குடுங்க, அடுத்ததுக்கு 2.2.2.2. ரெண்டுக்கும் ஒரே ஐடி போட்டா நெய்பரா (ரூட் பரிமாறிக்கற பக்கத்து ரவுட்டரா) சேராது. அங்கேயே "பேஸிவ்-இன்டர்ஃபேஸ் ஜி0/1"னும் போட்டுடுங்க, பிசி பக்கம் ஹலோ அனுப்பி என்ன பிரயோஜனம்.

ஸ்டெப் 4: ஐபிவி4ல பண்ற மாதிரி நெட்வொர்க் கமாண்ட், வைல்ட்கார்ட் மாஸ்க் தலைவலி எல்லாம் இங்க கிடையாது. நேரா ஜி0/0, ஜி0/1 ரெண்டுக்குள்ளயும் போய் "ஐபிவி6 ஓஎஸ்பிஎஃப் 1 ஏரியா 0". அந்த 1ங்கற நம்பர் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறலாம், ஏரியா (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கைப் பிரிக்கற பகுதியோட நம்பர்) மாறக்கூடாது.

ஸ்டெப் 5: "ஷோ ஐபிவி6 ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" அடிங்க. உடனே ஃபுல் (ரெண்டு ரவுட்டரும் தகவலை முழுசா பரிமாறிக்கிட்ட நிலை) வரலைன்னு பதறி எதையும் மாத்தாதீங்க, ஈத்தர்நெட்ல டிஆர் (டெசிக்னேட்டட் ரவுட்டர், அந்த லிங்குக்குத் தலைமை ரவுட்டர்) எலெக்‌ஷனுக்கு 40 செகண்ட் வரைக்கும் காத்திருக்கும். ஃபுல் வந்ததும் "ஷோ ஐபிவி6 ரவுட்", முதல் ரவுட்டர்ல இப்படி இருக்கணும்:

ஓ 2001:டிபி8:2::/64 [110/2]
வியா எஃப்இ80::2, கிகாபிட்ஈத்தர்நெட்0/0

110ங்கறது ஓஎஸ்பிஎஃப்போட அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த ப்ரோட்டோகால் சொல்றதை நம்பலாம்ங்கற நம்பர், குறைவா இருந்தா நல்லது), 2ங்கறது காஸ்ட் (வழியோட செலவு), போற வழியில ரெண்டு கிகாபிட் லிங்க், ஆளுக்கு 1. (டீஃபால்ட்ல 100 எம்பிபிஎஸ் லிங்குக்கும் அதே 1தான், பெரிய நெட்வொர்க்னா "ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த்" எல்லா ரவுட்டர்லயும் ஒரே மாதிரி மாத்தணும்.) கடைசியில இன்டர்ஃபேஸ் பேர் இருக்கு பாருங்க, அது சும்மா இல்ல. எஃப்இ80::2 எந்த ஒயர்லயும் இருக்கலாம், எந்தப் பக்கம்னு சொல்லலைன்னா ரவுட்டருக்கே தெரியாது. நீங்க அந்த அட்ரஸுக்கு பிங் அடிச்சாலும் அதனாலதான் எந்த இன்டர்ஃபேஸ்னு கேக்கும்.

பிசில ஐபிவி6 செட்டிங்கை ஆட்டோமேட்டிக்ல வைங்க, ரவுட்டர் அனுப்புற அட்வர்டைஸ்மென்ட்ட வச்சு அட்ரஸும் கேட்வேயும் தானா வந்துடும். அப்புறம் இங்கேர்ந்து அங்க பிங் அடிச்சுப் பாருங்க.

வரலைன்னா? நெய்பரே தெரியலைன்னா ஏரியா நம்பர், ஹலோ-டெட் டைமர் (எத்தனை செகண்டுக்கு ஒரு ஹலோ, எவ்வளவு நேரம் வரலைன்னா நெய்பர் போயிடுச்சுன்னு எடுத்துக்கணும்) ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. எக்ஸ்ஸ்டார்ட்லயே (ஃபுல்லுக்கு முன்னாடி வர்ற நிலை) நின்னா பெரும்பாலும் எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) ஒத்துப்போகல. நெய்பர் ஃபுல்லா இருந்தும் அந்தப் பக்க ரூட் மட்டும் காணோம்னா அங்க ஜி0/1 டவுன்ல கிடக்கும், இல்ல ஸ்டெப் 4ஐ ஜி0/0ல மட்டும் பண்ணியிருப்பீங்க.