பசுமை நூலகம் என்று கிளம்பிப் புத்தகத்தைப் பூஞ்சைக்குக் கொடுக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு பழைய நூலகத்தில் மின்கட்டணத்தைக் குறைக்க யோசனை கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பாதி வேலையை அவர்களே முடித்திருந்தார்கள். மாலை ஐந்தரைக்கு வாசகர்கள் கிளம்பியதும் சுவடி அறை ஏசி உட்பட மெயினையே அணைத்துவிடுவது, மறுநாள் காலை பத்து மணிக்குப் போட்டு ஒரேயடியாக 20 டிகிரிக்கு இறக்குவது. கட்டணம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஐப்பசி மழைக்குள் இரும்பு அலமாரிகளின் பின்பக்கம் நீர் கோத்து, கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

காரணம் எளிது. குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கும், அதே கதைதான். நம் கடலோரத்தில் வருடத்தில் பல மாதம் காற்று 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே தண்ணீரை விட்டுவிடும், அவ்வளவு ஈரம். பகலெல்லாம் 20 டிகிரியில் ஊறிய அலமாரியும் புத்தகமும் ராத்திரி உடனே சூடாகிவிடாது. ஏசி நின்றதும் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த பரப்பில் படியும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு வேறு அழைப்பு தேவையில்லை.

அதற்காக ராத்திரி ஏசியை நிறுத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ராசெஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம், நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ராத்திரி சில மணி நேரம் குளிரூட்டலை நிறுத்திப் பார்த்தது. அறை இறுக்கமாக மூடியிருந்து, பொருள்கள் பெட்டிக்குள் இருந்து, கருவி வைத்து அளந்துகொண்டே செய்தால் பல இடங்களில் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. அளந்துகொண்டே என்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலான நூலகங்களில் ஒரு ஈரப்பதமானிகூட இருப்பதில்லை, சோலார் பலகைக்கு மட்டும் விலைப்புள்ளி வாங்கி வைத்திருப்பார்கள். மணிக்கொருமுறை வெப்பத்தையும் ஈரத்தையும் தானே குறித்துவைக்கும் சின்ன டேட்டாலாகர் சில ஆயிரம் ரூபாய்தான். அறைக்கு இரண்டு வையுங்கள், ஒன்று நடுவில், ஒன்று வெளிச்சுவரை ஒட்டிய கீழ்த்தட்டில். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓடட்டும், அப்புறம் எதைக் குறைப்பது என்று பேசலாம்.

அடுத்த தவறு இதன் அண்ணன். எல்லாவற்றையும் 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம். அந்த எண் குளிர்நாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து வந்தது, அவர்களே இப்போது இறுக்கத்தைத் தளர்த்திவிட்டார்கள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்த பிசோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரை, 40 முதல் 60 சதவீதம் வரை போதும், ஒரு நாளைக்குள் பெரிதாக ஆடாமல் இருந்தால் சரி என்று சொல்லிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. நம் ஊரில் வீட்டு ஏசியை 18-ல் வைத்துவிட்டு "நல்லா குளிருது" என்று திருப்திப்படுகிறோம். அந்த இயந்திரம் பார்ப்பது வெப்பத்தை மட்டும். ஒன்றரை டன் போதுமான அறையில் மூன்று டன் மாட்டினால் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், விசிறி மட்டும் ஓடி, சுருளில் ஒட்டிய ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். சில்லென்று ஈரமான அறை, இதைவிட மோசமான இடம் காகிதத்துக்குக் கிடையாது. 24-க்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. கூடவே ஈரத்தை மட்டும் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்று. அது அறையைக் கொஞ்சம் சூடாக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் சொன்ன நூலகத்தில் இப்போது 26 டிகிரி, 55 சதவீதம். தினமும் காலையில் டிஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியை வெளியே கொண்டுபோய்க் கவிழ்ப்பது வாட்ச்மேன் வேலை.

எல்லாவற்றுக்கும் 26 போதுமா? போதாது. 5 டிகிரி குறைத்தால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றொரு நடைமுறைக் கணக்கு உண்டு. மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான பழைய நாளிதழ், வார இதழ், மலிவுப் பதிப்பு நாவல் எல்லாம் தன் அமிலத்தாலேயே எரிந்துகொண்டிருப்பவை, அவற்றுக்குக் குளிர் உண்மையிலேயே உதவும். வினிகர் வாடை வர ஆரம்பித்த அசிட்டேட் ஃபிலிம் சுருளுக்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். ஓலைச்சுவடிக்கும் பழைய கந்தல் துணிக் காகிதத்துக்கும் அவ்வளவு தேவையில்லை, அவை கேட்பது ஆடாத ஈரப்பதத்தை. ஆகவே மொத்தக் கட்டடத்தையும் குளிரவைக்காமல், நொறுங்குபவைக்கு மட்டும் ஒரு சின்ன அறையை நன்றாக அடைத்துக் குளிரவைப்பதுதான் புத்திசாலித்தனம். பிரித்து அடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், திறப்பு விழாவுக்குக் காட்ட எதுவும் இருக்காது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

யாரும் பேசாத ஒன்று: வருடத்துக்கு ஒருமுறை ஏசிக்கு "கேஸ் ஏத்துறது". நல்ல ஏசிக்கு கேஸ் ஏற்றவே வேண்டியதில்லை. ஏற்றுகிறீர்கள் என்றால் குறைந்துபோன பழைய வாயு கசிந்து காற்றில் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஏசியில் இருக்கும் ஆர்-22 வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 1,800 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். தீயணைப்புக்கு மாட்டியிருக்கும் எஃப்எம்-200 சிலிண்டரோ 3,000 மடங்குக்கும் மேல். எல்ஈடி பல்பு மாற்றியதைப் பலகை வைத்து விளம்பரம் செய்யும் இடத்தில் இந்தக் கசிவை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை. மெக்கானிக்கிடம் கசிவை அடைக்கச் சொல்லுங்கள், ஏற்றச் சொல்லாதீர்கள்.

சோலார் பலகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம், போட்ட பழைய கட்டடத்தில் தளத்தைத் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த மழையில் எங்கே ஒழுகும் என்று யாருக்கும் தெரியாது, கீழே இருப்பது பதிவறை. முதலில் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு வெளியே நிழல், கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை. நல்ல கெட்டிச் சுவருள்ள பழைய கட்டடம் இருந்தால் அதை இடித்துவிட்டுப் புதுக் கண்ணாடிக் கட்டடம் கட்டிப் பசுமைச் சான்றிதழ் வாங்குவது வேடிக்கை. இடித்த செங்கல், புதுச் சிமெண்ட், புது இரும்பு, எல்லாம் கணக்கில் வரவேண்டுமே. ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 1971-ல் தடித்த செங்கல் சுவரையும் சின்னத் திறப்புகளையும் நம்பியே கட்டப்பட்டது, இயந்திரத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிய அந்த முறைக்கு 'கொலோன் மாதிரி' என்றே பெயர் வந்தது. 2009-ல் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது, பக்கத்தில் நடந்த மெட்ரோ சுரங்க வேலையால். சுவர் மேல் பழி இல்லை.

பூச்சி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஒரு பக்கம் பாச்சை உருண்டையைக் கிலோக்கணக்கில் போடுவது, அந்த வாடை வேலை செய்பவர்களின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகும். பழைய நூலகங்களில் பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லிப் பவுடர் தூவிய அலமாரிகள்கூட இன்னும் இருக்கலாம். 1997-ல் தடை செய்த சரக்கு அது, வெறுங்கையால் துடைக்காதீர்கள். மறுபக்கம், இயற்கை முறை என்று வேப்பிலையைப் பச்சையாகப் புத்தகத்துக்குள் செருகுவது. ஈரத்தையும் கறையையும் நாமே கொடுக்கிறோம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாகக் கட்டி வைப்பார்கள். காய்ந்த பொடி, துணிக்குள், சுவடியைத் தொடாமல். ராமபாணப் பூச்சி ஏற்கெனவே ஏறிவிட்ட புத்தகமா? பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் மறுபடி சொம்புக் கதை. கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய புகைப்பட நெகட்டிவை மட்டும் இதில் போடவேண்டாம்.

கடைசியாக, ஸ்கேன் செய்துவிட்டால் காகிதச் செலவு மிச்சம், பசுமையாகிவிட்டோம் என்ற எண்ணம். ஏ4 பக்கத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், வண்ணத்தில் சுருக்காத டிஃப் படக் கோப்பாக எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 100 எம்பி. 200 பக்கப் புத்தகம் 20 ஜிபி, மூன்று பிரதி வைத்தால் 60. அதையே 300-ல் எடுத்தால் கால் பங்கு. தெளிவான அச்சுள்ள சாதாரணப் புத்தகத்துக்கு 300 தாராளம், பொடி எழுத்து நாளிதழுக்கும் சித்திர வேலைப்பாடு உள்ளதற்கும் மேலே போகலாம். அதற்கும் முன்னால், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலோ வேறெங்கோ அதே பதிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரே புத்தகத்தை ஐந்து இடத்தில் ஸ்கேன் செய்து ஐந்து சர்வரில் ஓடவிடுகிறோம். ரோஜா முத்தையா நூலகம் 1990-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மைக்ரோஃபிலிம் எடுத்ததை இப்போது பழைய காலத்து வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பாலியெஸ்டர் சுருளில் வெள்ளிப் பூச்சு மைக்ரோஃபிலிம் ஒழுங்காக வைத்தால் 500 வருடம் தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள், படிக்க ஒரு விளக்கும் லென்சும் போதும். தினமும் யாரும் திறக்காத மூலக் கோப்புகளை எப்போதும் சுழலும் சர்வரில் வைக்காமல் எல்டிஓ என்ற காந்த டேப்பில் எழுதி அலமாரியில் வைத்தால் அதற்கும் மின்சாரம் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்து, கோப்பு இன்னும் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும், அந்த வேலைக்கு ஒருவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.